இயந்திரம் கண்ட பிறை

என் மாமா, அதாவது மனைவியின் தகப்பனார், வயது வந்த நாளிலிருந்து ஒரு நோன்பையும் விட்டதில்லை. காய்ச்சலோடு பிடித்தார். நெல்லுச் சூடு மிதிக்கிற அறுவடைக் காலத்தில் வெயிலில் நின்றுகொண்டு பிடித்தார். இதை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை, ஊர்தான் சொல்லும். அந்த மனிதரின் நோன்பை முறித்தவன் நான். முறித்தது நானில்லை, என் நாடகம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது சரிவரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்முனைக்குடியில் கல்யாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவி வீட்டில் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கும் விஞ்ஞானமும் படிப்பித்தேன். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. பெருநாளைக்கு ஊரில் நாடகம் போட்டால் அரசன், மந்திரி, வாள்சண்டை என்றே போடுவார்கள். எனக்கு அது ஆகாது. கொழும்பிலிருந்து வந்த ஒரு சஞ்சிகையில், தானே கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றின் படத்தைப் பார்த்திருந்தேன். ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொண்டு நின்றது. அது போதாதா எனக்கு? உட்கார்ந்து ஒரு சிரிப்பு நாடகம் எழுதிவிட்டேன்.

கதை இதுதான். ஒரு கருவாட்டு வியாபாரி மருதமுனையில் பழைய நூல் ராட்டை ஒன்றை வாங்குகிறான். அதைப் பின்பக்கம் சுற்றினால் நேற்றுக்குப் போகலாம், முன்பக்கம் சுற்றினால் நாளைக்குப் போகலாம். தெரியாத்தனமாக வேகமாய்ச் சுற்றி, நூறு வருடம் தள்ளிப் போய் விழுகிறான். அங்கே ஊரை நடத்துவது ஒரு தகரப்பெட்டி. மீனுக்கு விலை சொல்வது அது, பெண்களுக்கு மாப்பிள்ளை பார்ப்பது அது, தலைப்பிறை பார்ப்பதும் அதுதான். பெருநாளன்று மட்டும் ஆட்கள் தன்னைத் துடைத்து, எண்ணெய் போட்டு, முகம் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பெட்டி கண்டுபிடிக்கிறது. உடனே பத்தாம் நோன்பிலேயே "தலைப்பிறை கண்டாச்சு" என்று முழங்கிவிடுகிறது. மறுநாளும் முழங்குகிறது, அதற்கு மறுநாளும். சனங்கள் வானத்தைப் பார்க்கவே மறந்து போனவர்கள். புதுச் சாரன் உடுத்தி, வட்டிலப்பம் தின்று தின்று, கடைசியில் அழத் தொடங்குகிறார்கள். வியாபாரி ராட்டையைப் பின்னால் சுற்றி, பெட்டி வாய் திறப்பதற்கு முந்திய நாளுக்குப் போய், அதன் கம்பியைப் பிடுங்கிவிடுகிறான். அத்தோடு திரை.

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பெருநாள் உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை வைத்துவிட்டு, "நோன்போட மனிசர இப்பிடிச் சிரிக்க வைக்காதீங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை.

பெட்டிக்குக் குரல் கொடுக்க என் கூட்டாளியைப் பிடித்தேன். துணிக்கடை வைத்திருந்தவன், பள்ளிவாசல் மோதினாரின் மூத்த மகன். தினமும் பாங்கு சொல்லும் தகப்பனின் குரல் அச்சுப் பிசகாமல் அவனுக்கும் இருந்தது. ஊர் கேட்டவுடன் விழுந்து விழுந்து சிரிக்கும் என்று நினைத்தேன். என்னுடைய புத்திசாலித்தனம் அப்படி!

இருபத்தொன்பதாம் நோன்பு வந்தது. அன்று பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. மேற்கே வயல் பக்கம் முழுக்க மேகம். நோன்பு திறந்து, அந்திக்கு மஃரிபு தொழுதுவிட்டு, ஊரே வெளியில் வந்து அந்த மேகத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் மட்டக்களப்பிலிருந்து வாடகை ஒலிபெருக்கி வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடக் கூரையில் குழலைக் கட்டி, பற்றரியைப் பூட்டினோம்.

"ஒருக்காக் கதைச்சிப் பாரு" என்றேன் கூட்டாளியிடம்.

ஒன்று, இரண்டு எண்ணச் சொல்லியிருக்கலாம். வேறு எதையாவது சொல்லச் சொல்லியிருக்கலாம். அவன் ஒரு கிழமையாகப் பாடமாக்கி வைத்திருந்ததையே சொன்னான்.

"தலைப்பிறை கண்டாச்சு! நாளைக்குப் பெருநாள்!"

எங்கள் ஊரில் அதுவரை பள்ளிவாசலுக்கும் ஒலிபெருக்கி வரவில்லை. மோதினாரின் குரல் கூரைக்கு மேலிருந்து இடி மாதிரி வந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? முதலில் எங்கோ ஒரு வெடி கேட்டது. பிறகு நாலாபக்கமும் கேட்டது. தெருவில் "அல்லாஹு அக்பர்" என்று பெருநாள் தக்பீர் சொல்லத் தொடங்கினார்கள். பக்கத்து வளவில் உரலில் மா இடிக்கும் சத்தம் எழுந்தது. 

ஒலிவாங்கியைப் பறித்தேன். "பிறை காணல்ல! இது நாடகம்! பெட்டிதான் பொய் சொன்ன!" என்று கத்தினேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். இதுதான் நாடகம் என்று எண்ணிக்கொண்டார்கள். "மாஸ்டர் நல்லாத்தான் நடிக்கிறாரு!" என்று தெருவிலிருந்து ஒருவர் கூவினார். என் நாடகத்துக்கு வாழ்நாளில் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

கடைசியில் அசல் மோதினாரே ஓடி வந்தார். மகனின் கன்னத்தில் ஒன்று போட்டுவிட்டு, தெருத் தெருவாக நடந்து, பிறை காணவில்லை என்று வீடு வீடாகச் சொன்னார். நானும் பின்னால் போனேன். ஒவ்வொரு வாசலிலும் ஏச்சு வாங்கினேன். இரவு இஷா நேரம் உரல்கள் நின்றன, நோன்பு இரவுக்குரிய தராவீஹ் தொழுகைக்கு ஆட்கள் போனார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று வீட்டுக்குத் திரும்பினேன்.

மனைவி வாசல் கடப்படியில் நின்றாள். "வாப்பா போயிட்டாரு" என்றாள்.

"எங்க?"

"வட்டைக்கு. காவலுக்கு நிக்கிற ஆக்களுக்குப் பெருநாளெண்டு ஆரு போய்ச் சொல்லுற? சத்தம் கேட்ட ஒடன பலகாரத்தையும் கட்டிக்கிட்டுப் போயிட்டாரு." "விடியிறதுக்குள்ள போய்ச் சொல்லுங்க. வாப்பா ஒரு நோன்பும் விட்டதில்ல. இது போச்செண்டா அவரு தாங்கமாட்டாரு."

எங்கள் வட்டை, அதாவது வயல், நாவிதன்வெளிப் பக்கம். சைக்கிளை எடுத்து மிதித்தேன். கிட்டங்கியில் ஆற்றைத் தோணியில் கடக்க வேண்டும். மாமாவை ஏற்றிப் போன தோணி அக்கரையில் கிடந்தது. தோணிக்காரரின் வீடும் அந்தப் பக்கம்தான். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கடற்கரை ஊரில் பிறந்தும் நீந்தத் தெரியாதவன் நான். இடுப்பளவு இறங்கிப் பார்த்து, முதலைக்குப் பயந்து ஏறிவிட்டேன். ஒரு கால்மணி நேரம் பின்னால் போகக் கிடைத்தால் போதும், அதற்குப் பதிலாக என் கையை வெட்டிக் கொடுக்கிறேன் என்று அல்லாஹ்விடம் பேரம் பேசினேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்தக் கரையில் இருந்து குழந்தை மாதிரி அழுதேன். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு ஒன்றுமில்லை. நாளைய நோன்பைப் பிடிக்கிறேன் என்று மனதில் நிய்யத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருக்கவே கிழக்கு வெளுத்தது.

தோணி வந்து, நான் கடந்து, காவல் குடிசையான வாடியை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. மாமா குளித்துப் புதுச் சாரன் உடுத்தி, காவல்காரர் நாலு பேரோடு வட்டமாக உட்கார்ந்து பலகாரம் தின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக எழும்பி வந்தார்.

"வாங்க மகன், பெருநாளும் அதுவுமா இவ்வளவு தூரம்! இந்தாங்க, வாயத் திறங்க."

என் வாய்க்கு நேரே ஒரு துண்டை நீட்டினார். நான் பின்வாங்கி, நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் பிழைத்திருப்பேன். வாயில் இருந்ததைத் துப்பினார். வாய்க்கால் கரைக்குப் போய் நெடுநேரம் கொப்பளித்தார். திரும்பி வந்து, "முறிஞ்சாலும் மஃரிபு வரைக்கும் இனி ஆரும் ஒண்டும் வாயில வைக்கப்படா" என்றார். பலகாரப் பெட்டியை மூடிக் கட்டினார்கள். ஆறு பேரும் வாடி நிழலில் உட்கார்ந்தோம்.

உச்சிவெயில் நேரம் அவரே கேட்டார்: "பொழுது போகுதில்ல. அந்த நாடகத்தச் சொல்லுங்க பாப்பம்."

சொன்னேன். வட்டிலப்பம் தின்று தின்று சனங்கள் அழுகிற இடத்தில் காவல்காரர் சிரித்துவிட்டு, மாமாவைப் பார்த்து அடங்கினார்கள். மாமா வழக்குக் கேட்கிறவர் போல இருந்து, முழுவதையும் கேட்டார்.

"பெட்டி பொய் சொல்லிப் போன நோன்பெல்லாத்தையும் ஆரு களாச் செஞ்ச?"

விட்ட நோன்புக்கு ஈடாகப் பிறகு ஒன்றைப் பிடிப்பதுதான் களா; எழுதும்போது அந்தக் கேள்வி எனக்கு வரவேயில்லை. "அவன் பின்னால போய்க் கம்பியப் புடுங்கிட்டானே மாமா. அப்ப ஒரு நோன்பும் போகல்ல" என்றேன்.

"அவனுக்குப் பின்னால போக ஏலும்" என்றார்.

அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, இந்த நோன்ப நான் களாச் செய்யிறன். ஒண்டுக்கு அறுவதாப் புடிக்கிறன். பிழை என்னோடதானே."

அவர் என் முகத்தையே பார்த்தார். காய்ந்து வெடித்த உதட்டைப் பார்த்தார்.

"சஹரும் செய்யாமத்தான் புடிச்சிரிக்கீங்க போல?"

"ஓம் மாமா."

"அப்ப ஒங்களுக்கு நோன்பு இரிக்கி மகன்" என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "எனக்குத்தான் இல்ல."