வானத்துச் சரக்குக்குப் பல் பார்த்தவர்

அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகர் சடையாண்டிக்கு ஒரு வருஷமாகப் பிழைப்பு இல்லை. உடம்புக்கு ஒரு குறையும் கிடையாது, வாக்குத்தான் கெட்டுப்போனது. விற்றவன் பேச்சை நம்பி, வாயைத் திறந்து பல்லைக்கூடப் பார்க்காமல், "எளங்கெடா பாய், நான் பொறுப்பு" என்று பேகம்பூர்க் கறிக்கடை கிதர் முகம்மதுவுக்கு ஓர் ஆட்டை முடித்துக் கொடுத்தார். அதுவோ பல்லை அரத்தால் ராவி வயதைக் குறைத்த கிழடு. மறுவாரம் கிதர் முகம்மது சந்தை நடுவில் நின்று திட்டியதை ஊரே கேட்டது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து, பேசாமலே விலை முடிக்கிற சந்தை அது. அன்றோடு சடையாண்டியின் துண்டுக்கு அடியில் ஒருவரும் கை நீட்டவில்லை.

"இனிமே வாயப் பாக்காம எந்தச் சரக்கும் எங்கையத் தாண்டாது" என்று அவர் சபதம் போட்டார். கேட்கத்தான் ஆளில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் சித்திரையில் அவருடைய சோளக்காட்டில் ஒரு பெட்டி வந்து விழுந்தது. விண்வெளிக் கதிரைப் பிடிக்க ஒரு பல்கலைக்கழகம் பலூனில் கட்டிப் பறக்கவிட்ட பெட்டி. மூடியில் 'திறக்காதே' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. விழப்போவது அய்யலூரில் என்று படித்தவர்களுக்கு எப்படித் தெரியும்! ஜீப்பில் துரத்தி வந்து, யாரும் தொடுவதற்குள் எடுக்க வேண்டிய டாக்டர் ஞானதாஸ், திண்டுக்கல்லில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு பங்களாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிக்கும் தெம்பு வேண்டுமல்லவா?

சந்தையன்று பெட்டியை வாங்கிப்போக ஆள் வருவதாகச் சேதி வந்தது. ஊர் பார்க்க ஒப்படைத்தால் போன பேர் திரும்பிவிடும் என்று நினைத்ததும் சடையாண்டிக்குக் கண் கலங்கியது. ஆனால் பார்க்காமல் கொடுப்பதா? பல் பார்க்க வெளிச்சம் வேண்டும். உச்சி வெயிலில் மூடியை நெம்பி, கறுப்புக் காகிதத்தைப் பிரித்து, உள்ளிருந்த தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். உடைசல் இல்லை. நிம்மதியாக மூடி வைத்தார்.

சந்தைக்கு வந்த டாக்டர் மூடியைப் பார்த்துவிட்டு சடையாண்டியின் காதில் கேட்டார்: "பெரியவரே, இதத் தொறந்தீங்களா?"

"தொறக்காம எப்புடிங்கய்யா குடுப்பேன்? வெயில்ல வச்சு நல்லாப் பாத்தேன். ஒரு கீறல் இல்ல."

"அது போட்டோத் தகடுய்யா. வெளிச்சம் பட்டா கறுத்துரும், அம்புட்டும் போச்சு!"

இருவர் முகமும் ஒன்றாக வெளிறின. நீ எங்கே போயிருந்தாய் என்று துணைவேந்தர் டாக்டரைக் கேட்பார். மறுபடியும் கெடுத்தாயா என்று சந்தை சடையாண்டியைக் கேட்கும். கூட்டத்தில் கிதர் முகம்மதுவும் நின்றார்.

மரியாதை செய்யக் கொண்டுவந்த ஜரிகைத் துண்டை டாக்டர் சடையாண்டியின் கையில் போர்த்தினார். "யாரையும் தொடவிடாமப் பாதுகாத்த உத்தமர்!" என்று உரக்கச் சொன்னார். சொல்லிக்கொண்டே துண்டுக்கு அடியில் அவர் விரல்களை இறுக்கிப் பிடித்தார். ஆட்டுக்கு எத்தனை பல் என்றுகூட அறியாத மனுஷருக்குப் பேரம் மட்டும் தெரிந்திருந்தது. சடையாண்டிக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கையை உருவிக்கொள்ளவில்லை. வியாபாரம் முடிந்தது.

ஆடி மாதம் பத்திரிகையில் செய்தி வந்தது. அய்யலூர் வானத்தில் உலகம் காணாத கதிர் அடித்ததாம், தகடு முழுவதும் கறுத்துவிட்டதாம், டாக்டருக்குப் பதவி உயர்வாம். கிதர் முகம்மது பத்திரிகையை மடித்துக்கொண்டு சந்தைக்கு வந்தார்.

"அண்ணே, அந்தப் பெட்டி நெசமாவே நல்ல சரக்குதானா?"

சடையாண்டி தோளில் கிடந்த ஜரிகைத் துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார்.

"நல்ல சரக்கு பாய். நான் பொறுப்பு."

கிதர் முகம்மது துண்டுக்கு அடியில் கையை நீட்டினார்.