சின்னம்மா உட்காராத பீடம்

"பொம்பளப் புள்ள படிச்சு என்ன ஆகப்போவுது? தொரை எழுதுறதப் படிக்க ஆபீசுல கணக்கெழுதுற கிராணி இருக்காரு. நம்ம லயத்து வீடுங்கள்ல இவ யாருக்குப் படிச்சுக் காட்டப்போறா?"

மலாயாவில், என்னைத் தைப்பிங்கில் உள்ள மிஷன் பள்ளியில் சேர்க்க அப்பா புறப்பட்ட காலையில், எங்கள் ரப்பர் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் கங்காணி கேட்டது இது. அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே தோட்டத்துப் பள்ளிக்கு நான் ஆசிரியையாக வந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தக் கர்வம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நடந்ததில் பாதி அதனால்தான் நடந்தது என்பதால் அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். முப்பது வயதில் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணம் நிரம்பிப் பால் வழிவதுகூடத் தெரியாமல் மரத்தைப் பார்த்தபடி நிற்பாள். அந்தச் சமயத்தில்தான், ஈப்போ போகிற சாலையில் உள்ள சுண்ணாம்பு மலைக் குகைக்கு ஒரு சாமியார் வந்து சேர்ந்தார். தாந்திரீகம் கற்றவர் என்றார்கள். உடம்பைப் பகைத்துக்கொண்டு கடவுளிடம் போக முடியாது, உடம்பு வழியாகவே போகலாம், பெண்ணின் உடம்பு அம்பாள் குடியிருக்கும் இடம் என்று அவர் சொன்னார். சின்னம்மாவிடம் அதுவரை அப்படி யாரும் சொன்னதில்லை. லயத்தில் பெண்ணுடம்பு வேலைக்கும் பிள்ளைக்கும் ஆனது. விதவையின் உடம்பு எதிரே வரக்கூடாதது. அவர் கொடுத்த மந்திரத்தை அவள் விடியற்காலையில் சொல்லத் தொடங்கினாள். மெல்ல முதுகு நிமிர்ந்தது. ஒருநாள் குங்குமமும் வைத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தாள்.

"தாலி அறுத்தவ நெத்தியில குங்குமமா? வெக்கமா இல்ல?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நெத்தி என்னோடதுதானே அக்கா. ஒனக்கு ஏன் அரிக்குது?" என்று சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மிஷன் பள்ளியில் படித்த எனக்கு மந்திரம், குகை எல்லாமே இளப்பம். ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கண்டு எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆறு மாதம் போயிருக்கும். சாமியாருக்கு அரிசியும் எண்ணெயும் அனுப்பிவந்த கங்காணி, வருகிற அமாவாசைக்குக் குகையில் சக்கர பூசை என்றார். எட்டு ஆண்கள் வட்டமாக அமர்வார்கள், கள்ளும் மீனும் கறியும் படைப்பார்கள், நடுவில் பீடத்தில் சக்தியாக ஒரு பெண் இருப்பாள். அது சின்னம்மாதான் என்று முடிவாகியிருந்தது. எட்டுப் பேரில் முதல் ஆள் கங்காணி. லயத்துப் பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும் அவர் ஒரு புத்தகத்தோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "டீச்சரம்மா" என்று என்னை அவர் அழைத்தது அதுதான் முதல் தடவை.

"சாமிக்குக் கண்ணு மங்கல். நீங்க படிச்சாத்தான் பொம்பளைங்க நம்புவாங்க. இந்த ஒரு பக்கம் போதும்." அந்தப் பக்கத்தின் ஓரத்தில் குங்குமம் தடவியிருந்தது.

ஞாயிறு பிற்பகல் கோயில் கொட்டகையில் படித்தேன். எந்தக் கங்காணி என் படிப்பைக் கேலி செய்தாரோ, அவரே கைகட்டி நின்றார். பெண் பீடத்தில் அமர்வாள், ஆண்கள் அவள் காலில் பூவிட்டு வணங்குவார்கள், அவளைத் தாழ்வாக நினைப்பவன் அழிவான் என்றெல்லாம் இருந்தது. என் குரல் எனக்கே பிடித்திருந்தது. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கத்தின் கடைசியில், அவளோடு கூடுவதே இறுதிப் படையல் என்று வடமொழி கலந்த ஒரு வரி வந்தது. எனக்குப் பொருள் புரிந்தது. அந்தச் சொல்லைக் கண்டாலே கூசும்படி வளர்க்கப்பட்டவள் நான். குரலைத் தாழ்த்தி, வேகமாக விழுங்கிவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

மாலையில் சின்னம்மா பால் வாளியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "நல்லாத்தான் படிச்ச. கடைசியில எதுக்கு அந்த ஓட்டம் ஓடுன?"

தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் அதிரவில்லை.

"அது எனக்குத் தெரியும். சாமி சொல்லிருக்காரு. அத நெனச்சு எனக்கு அருவருப்பு ஒண்ணும் இல்ல. புருஷனோட வாழ்ந்தவதானே நான். ஆனா அந்தப் பொம்பளையக் கேக்கணும்னு எங்கயாச்சும் எழுதிருக்கா?"

"ஒரு பக்கந்தான் படிக்கச் சொன்னாங்க சின்னம்மா."

"புஸ்தகம் ஒன் கையிலதானே இருந்துச்சு? அடுத்த பக்கத்தப் பொரட்டுனா கை சுட்டுருமா?"

புத்தகம் அப்போதும் என்னிடம்தான் இருந்தது. புரட்டினேன். அவளைத் தனியாக, அச்சமில்லாத இடத்தில் கேட்க வேண்டும் என்று இருந்தது. யாரிடம் அவள் பிழைப்புக்குக் கைகட்டி நிற்கிறாளோ அவன் கேட்கவே கூடாது என்றும், ஆசையோடு வட்டத்துக்குள் வருபவனுக்கு அது வழிபாடே அல்ல என்றும் இருந்தது. ஓடிப்போய்ச் சின்னம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டாள்.

விடியற்காலை, பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் ஆளெடுப்பில், எல்லார் முன்னாலும் அவள் சொன்னாள்: "அண்ணே, நான் பீடத்துல உக்காரல."

கங்காணி சிரித்தார். "சரி தாயி. ஒன் இஷ்டம்" என்றார். திட்டியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மறுநாளிலிருந்து ஆளெடுப்பில் அவள் பெயரை யாரும் கூப்பிடவில்லை. நான்காம் நாள் அவள் ஈப்போவுக்குப் போய் ஒரு சலவைக் கூடத்தில் சேர்ந்தாள். அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். புத்தகத்தைக் கங்காணியிடம் கொடுத்தபோது அவர் கண்ணைப் பார்த்தே கொடுத்தேன்.

பீடம் காலியாக இருக்கவில்லை. லயத்தின் கடைசி அறையில், கப்பலில் தனியாக வந்து இறங்கிய ஒருத்தி இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அவள் தயங்கியபோது கங்காணி சொன்னாராம்: "டீச்சரம்மாவே படிச்சுச் சொல்லிட்டாங்க. வேணும்னா கேட்டுப் பாரு." அவள் என்னிடம் வரவில்லை. குழாயடியில் கேட்டிருக்கிறாள். பெண்கள் ஆமாம் என்றிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது முதல் பக்கத்தை மட்டும்தான். இரண்டாவது பக்கத்தை நான் என் சொந்தச் சின்னம்மாவுக்கு மட்டும் படித்திருந்தேன். மற்றவர்களுக்கும் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அமாவாசைக்குப் பிறகு இரண்டு நாள் அவள் தலை நிமிராமல் வேலைக்கு வந்தாள். மூன்றாம் நாள் அறை திறந்து கிடந்தது. "ஊருக்குக் கப்பலேத்தியாச்சு" என்றார் கங்காணி. உள்ளே எட்டிப் பார்த்தேன். தட்டு, சீப்பு, மாற்றுச் சேலை எல்லாம் அப்படியே இருந்தன. எந்தக் கப்பல் என்று நான் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை.

சின்னம்மா இன்றும் விடியற்காலையில் அந்த மந்திரத்தைச் சொல்கிறாள். இன்னும் எப்படி உன்னால் சொல்ல முடிகிறது என்று கேட்டால், "அந்தச் சாமி குடுக்குறதுக்கு முன்னாடியும் அது இருந்துச்சு. அவனுக்காக நான் ஏன் விடணும்?" என்கிறாள். அந்த வழி பொய்யென்று சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை. அந்த வழியில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

சென்ற மாதம் அந்தச் சாமியார் சுங்காய் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருப்பதாகத் தெரிந்தது. அங்கே எங்கள் கங்காணியின் மருமகன் கங்காணி. "ஒரு டீச்சரே படிச்சது" என்று அங்கேயும் சொல்கிறார்களாம். அதே புத்தகத்தைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்தில் வேலைக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் பெண்களை உட்காரவைத்து, நான் விழுங்கிய வரியையும் சேர்த்து இரண்டு பக்கங்களையும் நிறுத்திப் படித்தேன். மருமகன் வாசலில் கைகட்டி நின்று, சிரித்துக்கொண்டே கேட்டான்.

கூட்டம் கலைந்ததும் ஒரு பெண் என் பின்னாலேயே வந்தாள். "என்னைய வேலைக்கு வச்ச கங்காணிதான் பீடத்துல உக்காரச் சொல்லிக் கேட்டாரு, டீச்சர். சரின்னு சொல்லிப்புட்டேன். இப்ப வேணாம்னு சொல்லலாமா?"

"சொல்லலாம். ஆனா இங்க இருந்து சொல்ல வேணாம்" என்றேன்.

மறுநாள் காலை அவளைச் சின்னம்மாவிடம் சேர்க்க ஈப்போ ரயிலில் ஏற்றினேன். நானும் ஏறிக்கொண்டேன். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துச் சாவியை, இனி வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லி, கிராணியிடம் சனிக்கிழமையே கொடுத்துவிட்டிருந்தேன்.