கோந்துச் சளியும் குடிக்காத தண்ணீரும்

மாமல்லபுரத்தில் பதினொரு வருடமாக நான் கைடு. வெயிலில் நின்று கல்லைப் பற்றிப் பேசுவதுதான் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் இரண்டு வருடமாகச் சளி புகுந்துகொண்டது. ஒழுகும் சளியாக இருந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். இது கோந்து. சிந்தினால் வராது, பின்பக்கமாக இறங்கித் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ஐந்து ரதங்களின் முன் நின்று "இது ஒரே பாறையில்" என்று ஆரம்பிப்பேன். காறினால்தான் அடுத்த வார்த்தை வரும். நான் காறும்போதெல்லாம் கூட்டம் ஓரடி பின்னால் போகும். கொரோனாவுக்குப் பிறகு யாரும் அதை மறைத்துச் செய்வதுகூட இல்லை.

கடைசியில், எனக்குக் கூட்டம் அனுப்பும் டிராவல்ஸ்காரத் தம்பி போன் செய்தான். "அக்கா, தப்பா நெனைக்காத. கஸ்டமருங்க கம்ப்ளைன்ட் பண்றாங்கோ. ஒடம்பு சரியாவற வரைக்கும் வூட்ல இரு. அப்பால பாக்கலாம்." அப்பால என்றால் எப்போது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று அழுதேன். அழுததில் மூக்கு இன்னும் அடைத்துக்கொண்டது, அது வேறு.

வீட்டில் இருந்தால் ஆளாளுக்கு வைத்தியர். பால் குடிக்காதே, வாழைப்பழம் தொடாதே, தலைக்குக் குளிக்காதே. எல்லாவற்றையும் விட்டேன். சளி மட்டும் என்னை விடவில்லை. செங்கல்பட்டில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவைப் பார்த்தேன். சளி எல்லோருக்கும் நாள் முழுக்கச் சுரப்பதுதான், நீர்த்து இருந்தால் தெரியாமலே விழுங்கிவிடுவோம், உள்ளே வீங்கி வடிகிற வழி அடைபட்டால் தேங்கிக் கெட்டியாகிவிடும் என்றார். மூக்கில் அடிக்க மருந்தும், உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ ஒரு பாட்டிலும் உப்புப் பொட்டலமும் எழுதிக் கொடுத்தார்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது, ஆட்டோ ஓட்டும் என் கணவர் சிரித்தார். "இன்னாத்துக்கு உப்பு? நம்ம போர் தண்ணியே உப்பாத்தான கீது." கடலோரத்தில் வீடு கட்டியவர்களுக்கு அது நியாயமாகத்தான் படும். குடிக்கக் கேன் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர். மூக்குக்கெல்லாம் கேன் தண்ணீரா என்று நானும் குழாயில் பிடித்து ஊற்றினேன். பத்து நாள் மூக்கு எரிந்ததுதான் மிச்சம்.

மறுபடி போய்ச் சொன்னதும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, கொழாத் தண்ணிய அப்படியேவா மூக்குல விட்டீங்க? அதுல என்ன கிருமி இருக்குன்னு யாருக்குத் தெரியும்? கொதிக்க வெச்சு ஆறவெச்ச தண்ணியில, குடுத்த உப்ப அளவா போடணும்." பிறகு, "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டார்.

காலையில் ஒரு டீ, மதியம் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏன் என்றார். குடித்தால் நடுவில் பாத்ரூம் போக வேண்டும், பேசிக்கொண்டிருக்கும்போது கூட்டத்தை விட்டு ஒரு பொம்பளை எப்படிப் போவது? வேலை முடியும் வரை வாயை நனைக்காமல் இருப்பதுதான் என் வழக்கம், வீட்டில் உட்கார்ந்த பிறகும் அது மாறவில்லை. வாய்விட்டுச் சொன்னபோதுதான் அது எவ்வளவு முட்டாள்தனம் என்று எனக்கே உறைத்தது.

இரண்டு மாதம் ஒழுங்காகக் கழுவினேன், ஒழுங்காகக் குடித்தேன். சளி ஒரேயடியாகப் போகவில்லை. கட்டுக்குள் வைக்கலாம் என்றுதான் டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார். ஆனால் கோந்து இளகியது. காறாமல் அரை மணி நேரம் பேச முடிந்தது. நானே தம்பிக்குப் போன் செய்து கெஞ்சினேன். ஒரே ஒரு கூட்டம் கொடுத்தான். "இதுல இன்னா ஆவுதுன்னு பாத்துட்டுதான் அக்கா அடுத்தது."

அன்று தண்ணீர் பாட்டிலோடு போய், குடித்துக்கொண்டே பேசினேன். மூன்றாவது ரதத்தில் அடிவயிறு முட்டியது. இன்னும் பாதி பாக்கி. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. பாத்ரூம் போய் வருகிறேன், பத்து நிமிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். வரும்போது ஒருவரும் இருக்க மாட்டார்கள், தம்பிக்குப் போன் போயிருக்கும் என்றே நினைத்தேன்.

எல்லோரும் மர நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் மட்டும் என் காதருகே வந்து, "பாத்ரூம் எந்தப் பக்கம்மா? நானும் காலையிலேருந்து அடக்கிக்கிட்டே இருக்கேன்" என்றார்.

பதினொரு வருடம். என் மீதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை நீட்டி வழி காட்டினேன்.