பங்களாவுக்கு வந்த மங்கு கழுவும் மிஷின்

அந்தப் பெட்டி எஸ்டேட் கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். தோட்டத் தொழிலாளிகளான நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்த காலம். மேட்டில் இருந்த துரை பங்களாவுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் காலையில் கேட்டில் வரிசையாக நின்று, ஒரு மலாய்க்காரப் பெண் எங்கள் இடுப்பையும் முந்தானையையும் தடவிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக்கூடாது என்பது அவசரகாலச் சட்டம்.

கிள்ளானிலிருந்து வந்த லோரியில் என் நெஞ்சுயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் அதைத் திறக்காமல் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். ஆணிகளைப் பிடுங்கி, வைக்கோலைத் தள்ளினால், உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு இரும்புத் தொட்டி. அடியில் சக்கரம், மேலே மூடி, பக்கவாட்டில் இரண்டு ரப்பர் குழாய். என்ன இது என்று சார்ஜன் மலாயில் கேட்டார்.

லோரிக்காரர் தமிழர். எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே சொன்னார். "மங்கு கழுவுற மிஷினாம் லா. மங்க உள்ள வச்சு மூடிட்டா அதுவே கழுவிடுமாம்."

சார்ஜன் மூடியைத் தூக்கி உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். துப்பாக்கி இல்லை, அரிசி இல்லை. தலையை வெளியே எடுத்தபோது அவர் முகத்தில் சந்தேகத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

அந்தப் பங்களாவில் மங்கு, அதாவது சாப்பிடும் தட்டு, கிண்ணமெல்லாம் கழுவுகிறவளே நான்தான். கல்யாணம் ஆகி இந்த எஸ்டேட்டுக்கு வந்ததிலிருந்து அதுதான் வேலை. வீட்டுக்காரர் எஸ்டேட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் இன்ஜின் வீட்டில் இருந்தார். எங்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

"ஒனக்கு வேல போச்சு தங்கச்சி," என்றார் பங்களாவில் சமைக்கும் குசினிக்கார அண்ணன், மிஷினை நாலு பேர் சேர்ந்து உருட்டிக்கொண்டு வந்தபோது. அவர் கிறிஸ்தவர், எதையும் நிதானமாகப் பேசுகிறவர், அதனால் அது கேலியா நிஜமா என்று தெரியவில்லை. பயப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்த மூடிக்குள் என்னதான் நடக்கும் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

வேலை போகவில்லை. அந்த மிஷினுக்கு என்னைவிட அதிகமாக ஆள் தேவைப்பட்டது. எங்கள் தண்ணீர் சதுப்பிலிருந்து வருவது, தேத்தண்ணி நிறம். அப்படியே விட்டால் வெள்ளை மங்கெல்லாம் பழுப்பேறிவிடும். படிகாரம் போட்டுத் தெளியவைத்துத்தான் மேல் டாங்கியில் ஏற்றுவோம். அப்படியும் குழாய் வாயில் ஒரு துணி கட்டி, அதன்மேல்தான் மிஷினின் குழாயை மாட்ட வேண்டும். அந்தத் துணியைத் தினமும் அவிழ்த்துக் கசக்க வேண்டும். தொட்டியின் அடியில் ஒரு காற்றாடி மாதிரி சின்ன இறக்கை, அதற்குக் கீழே ஒரு சல்லடை. மங்கில் ஒட்டியிருப்பதை முதலிலேயே வழித்துப் போடாவிட்டால் எல்லாம் அந்தச் சல்லடையில் போய் அடைந்துகொள்ளும். கடலோரத்து ஜெராமிலிருந்து மீன் வந்த ஒரு நாள் மிஷின் கறகறவென்று அரைக்க ஆரம்பித்தது. நிறுத்திவிட்டுக் கையை விட்டுத் துழாவினால், இறக்கையின் கழுத்தில் ஒரு மீன் முள் குறுக்காக மாட்டியிருந்தது. அதற்குப் பிறகு மீன் வைத்த மங்கை நான் இரண்டு தடவை பார்க்காமல் உள்ளே விடுவதில்லை.

ஆனால் உள்ளே நடப்பதைப் பார்க்க முடியவில்லை. மூடியைத் தூக்கினால் மிஷின் நின்றுவிடும். மூடினால் மறுபடி ஓடும். காதை வைத்துக் கேட்டால், ஓட்டுக்கூரையில் பெருமழை பெய்கிற சத்தம். மழை என்றால் மேலிருந்து விழ வேண்டும். தண்ணீரோ அடியில் நிற்கிறது. அது எப்படி என்று எனக்கு ஒரே குடைச்சல்.

ஒரு நாள் குசினியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அம்மியில் மஞ்சளை அரைத்து, நாலைந்து மங்கில் வெவ்வேறு இடத்தில் தடவினேன். ஒன்றில் நடுவில், ஒன்றில் விளிம்பில், ஒன்றில் முதுகில். உள்ளே அடுக்கி ஓடவிட்டேன். திறந்து பார்த்தபோது நடுவைப் பார்த்து நின்றவை பளிச்சென்று இருந்தன. சுவரைப் பார்த்து நின்றவற்றில் மஞ்சள் அப்படியே அப்பியிருந்தது. நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் துரையின் மனைவி, துரைசாணி, நின்றிருந்தார்.

துரைமாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் புத்தகம் எதையோ வைத்துத்தான் அவர் தமிழ் படித்திருந்தார். வா, போ, எடு, கழுவு என்று கட்டளையாகத்தான் பேச வரும். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு மஞ்சள் மங்கை எடுத்து, திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன்?" என்றார்.

கையை விரித்துக் காட்டினேன். அந்த இறக்கை சுழன்று தண்ணீரை அள்ளி மேலே வீசுகிறது, வீசின தண்ணீர் நேராகப் போய் அடிக்கிற இடம்தான் சுத்தமாகிறது, சுவர்ப் பக்கம் போய்ச் சேருவதில்லை என்று தமிழும் மலாயும் கலந்து சொன்னேன். அவர் குனிந்து இறக்கையை விரலால் சுற்றிப் பார்த்தார். பிறகு அம்மியைக் காட்டி, "இன்னும் அரை," என்றார்.

அன்று காலை முழுவதும் இரண்டு பேரும் மஞ்சளும் கையுமாக இருந்தோம். கிண்ணத்தைச் சாய்த்து வைத்தால் என்ன ஆகும், கரண்டியைப் படுக்கவைத்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். குசினிக்கார அண்ணன் மத்தியானச் சமையலுக்கு வந்து, இருக்கிற மங்கெல்லாம் மஞ்சள் பூசிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, வெளியே போய்ச் சுருட்டுப் பற்றவைத்தார். மிஷினுக்குள் மங்கு அடுக்கும் கம்பித் தட்டின் வெள்ளைப் பூச்சில் ஏறிய மஞ்சள் கடைசிவரை போகவே இல்லை.

சாயங்காலத்தில் நாங்கள் மிஷினைத் தொட்டதே கிடையாது. ஊரடங்கு இருந்ததால் பொழுது சாய்வதற்குள் நான் வேலிக்குள் போய்விட வேண்டும். ராச்சாப்பாட்டு மங்கை எல்லாம் அண்ணன் ஊறவைத்துவிடுவார், நான் காலையில் வந்து போடுவேன்.

ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம், குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் இன்ஜின் வீட்டில். வேலியைச் சுற்றிப் பெரிய பெரிய விளக்குகள், பகல் மாதிரி எரியும். அவை திடீரென்று சுருங்கின. அடுப்புத் தணல் மாதிரி சிவப்பாக ஒரு புள்ளி, அவ்வளவுதான். ரப்பர் மரங்கள் வரைக்கும் ஒரே இருட்டு. விசில் சத்தம் கேட்டது. யாரோ ஓடினார்கள். பிறகு துப்பாக்கி வெடித்தது. குழந்தையை வயிற்றுக்கடியில் போட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். லயம் முழுவதும் அப்படித்தான் படுத்திருக்க வேண்டும், ஒரு சத்தம் இல்லை. விளக்கு நிமிர்ந்தது. அப்பாடா என்று தலையைத் தூக்குவதற்குள் மறுபடியும் சுருங்கியது.

காட்டிலிருந்து யாரும் வரவில்லை. அன்றைக்கு யாருக்கும் காயம் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் வேலை முடிந்து வீட்டுக்கு வரவில்லை. விடிந்ததும் எங்கள் மேஸ்திரியான மண்டோர் வந்து வாசலில் நின்றார்.

"ஒன் வீட்டுக்காரர கோலசிலாங்கூர் ஸ்டேசனுக்கு ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்கம்மா. வெளிச்சத்தக் கொறச்சு காட்டுக்கு சிக்னல் குடுத்தாருன்னு சொல்றாங்க."

"அவரா?"

"எனக்குத் தெரியும்மா. நான் சொன்னா கேக்குறவனா அங்க இருக்கான்? நீ போயி தொரை கால்ல விழு."

அப்படிப் போன சிலர் திரும்பி வராததை நாங்கள் பார்த்திருந்தோம். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினேன். குசினிக்குள் நுழைந்தபோது ஊறவைத்த மங்கு ஒன்றுகூட இல்லை. மிஷின் குழாயோடு மாட்டியபடி நின்றது. மூடியைத் தூக்கினேன். கண்ணாடிக் கிண்ணம், மங்கு எல்லாம் கழுவி அடுக்கியபடி இருந்தன.

"இத யாருண்ணே போட்டது?"

"பக்கத்து எஸ்டேட் தொரைமாரு ரெண்டு பேரு வந்து தங்கியிருந்தாங்க, பொழுதோடவே சாப்பிட்டாங்க. அவங்களுக்குக் காட்டணும்னு அம்மாவே போட்டாங்க. நேத்து என்னமோ அது சரியாவே ஓடல. மொனகி மொனகி ஓடுச்சு."

"எப்ப மொனகுச்சு?"

அண்ணன் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "விசில் அடிச்சாங்கள்ல, அந்த நேரந்தான்."

நான் துரைசாணியைத் தேடிப் போனேன். என்ன சொன்னேன் என்று இப்போது எனக்கு நினைவில்லை. பாதி அழுகை, பாதி மலாய். அண்ணன் கூடவே வந்து, மிஷின் முனகின நேரமும் வேலி விளக்கு சுருங்கின நேரமும் ஒன்றுதான் என்று இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். கேட்கக் கேட்கத் துரைசாணியின் முகம் வெளுத்தது. உள்ளே போய்த் துரையிடம் பேசினார். துரை ஏதோ தற்செயல் என்று சொல்லியிருக்க வேண்டும், தலையை ஆட்டினார். துரைசாணி விடவில்லை. அவரே டெலிபோனை எடுத்தார்.

அன்று பொழுது சாய்வதற்கு முன்னால் கோலசிலாங்கூரிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஜீப்பில் வந்தார். நான் ஊரடங்கு நேரத்தில் அங்கே இருக்கத் துரை அனுமதி வாங்கிக் கொடுத்தார். பங்களா வராந்தாவிலிருந்து பார்த்தால் கீழே லயத்து வேலி விளக்கெல்லாம் ஒரு மாலை மாதிரி தெரியும். அதிகாரி அங்கே நின்றார். நான் தூணோரம் நின்றேன். துரைசாணி உள்ளே முந்தின நாள் போலவே மங்கையெல்லாம் அடுக்கி, அதிகாரி குரல் கொடுத்ததும் குமிழைத் திருகினார்.

விளக்கு அப்படியே எரிந்தது.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துரையைப் பார்த்தார்.  அப்போதுதான் ஞாபகம் வந்தது, மிஷின் முதலில் தண்ணீர் மட்டும்தான் பிடிக்கும். அதற்கப்புறம்தான் இறக்கை சுற்றும், சூடு ஏறும். அதைச் சொல்லத் தூணைவிட்டு ஓரடி முன்னால் வந்தேன். குசினியில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. அந்த மழைச் சத்தம் தொடங்கியது, ஆனால் இழுத்து இழுத்து. கீழே விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் சிவந்து சுருங்கின.

அதிகாரி உள்ளே போய்த் தன் கையாலேயே குமிழைத் திருகி நிறுத்தினார். வெளியே வந்து பார்த்தார், விளக்கு நிமிர்ந்திருந்தது. மறுபடி போய்ப் போட்டார். மறுபடி வந்து பார்த்தார். மூன்றாவது தடவை அவர் போனது விசாரணைக்காக இல்லை என்று எனக்குத் தோன்றியது. மூடியைத் தூக்கி உள்ளே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மத்தியானம் எஸ்டேட் லோரியில் வீட்டுக்காரர் வந்து இறங்கினார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. நான் கேட்கவில்லை. குளித்து, சாப்பிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்ட பிறகு அவராகவே பேசினார்.

"வெளிச்சம் ஏன் கொறஞ்சுச்சு, ஏன் கொறஞ்சுச்சுன்னு விடிய விடிய கேட்டாங்க புள்ள. எனக்கும் அதான் தெரியணும்னு நெனச்சேன். இன்ஜினு நல்லாத்தான் ஓடுச்சு. எண்ணெ இருந்துச்சு. பெல்ட் நழுவல. அவங்க அடிக்கிறப்பவும் அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

சொன்னேன். அவர் நம்பவில்லை. "மங்கு கழுவுறதுக்கா? அவ்வளவு கரண்டா?"

துரைசாணியிடம் கேட்டு, அவரைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதுவரை அவர் பங்களாவுக்குள் கால் வைத்ததில்லை. சல்லடையைக் கழற்றி, இறக்கையைக் கையால் சுற்றிவிட்டு, அதற்கடியில் வளைந்து கிடந்த தடித்த கம்பியைக் கண்டுபிடித்தார். விரலால் அதன் ஓரமாகத் தடவினார். "இதுதான். தண்ணியச் சுட வைக்கிறது. இதுதான் அவ்வளவையும் தின்னிருக்கு." அவர் குரலில் கோபம் இல்லை. விடை கிடைத்த ஆளின் குரல் அது.

துரைசாணி கதவோரம் நின்றிருந்தார். அந்தச் சொல்லை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ, அதையும் அவருக்குத் தெரிந்த கட்டளையாகவே சொன்னார். "மன்னி."

வீட்டுக்காரர் குனிந்தபடியே இறக்கையைத் திரும்பப் பொருத்திவிட்டு, "வெள்ளனவே போடச் சொல்லு," என்று என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு வேலி விளக்கு எரியும்போது மிஷினைப் போடக்கூடாது என்று துரை உத்தரவு போட்டார். நாங்கள் காலையில் மட்டும் போட்டோம். வெக்கையில் மூடியின் ரப்பர் விளிம்பு பிசுபிசுத்து இளகியபோது, வீட்டுக்காரர்தான் லோரி டியூபிலிருந்து ஒரு பட்டை வெட்டிக் கொடுத்தார். அது ஒழுகாமல் இருந்தது. சாயங்கால வேலை வேண்டாம் என்று கேட்டு அவர் பகல் வேலைக்கு மாறிக்கொண்டார். பகலில் இன்ஜின் இழுக்கும் சத்தத்தை வைத்து, நான் மிஷினைப் போட்ட நேரத்தை அவரால் சொல்ல முடிந்தது. "இன்னிக்கு ரெண்டு வாட்டி போட்டீங்களா? விருந்தாளியா?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆனால் விளக்கு வைத்த பிறகு, மழைக்கோ காற்றுக்கோ வேலி விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டினால் போதும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மங்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் வாசலில் நிற்பார். குழந்தை அவர் காலைக் கட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு பேரும் வேலியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளக்கு நிமிர்ந்து, இன்னும் கொஞ்ச நேரம் அசையாமல் எரிந்த பிறகுதான் வந்து உட்காருவார்.