சந்தனம் வைத்த துப்பாக்கி

அந்தத் துப்பாக்கி உங்களுடையது, முதலாளி. டிரைவருடையது அல்ல. இது எனக்குத் தெரியும், உங்கள் மனைவிக்குத் தெரியும், அன்றைக்குக் கேம்ப்பிங் வந்த பன்னிரண்டு குடும்பங்களுக்கும் தெரியும். அவன் உள்ளே கிடக்கிறான். நீங்கள் வெளியே மட்டன் தின்கிறீர்கள்.

நான் உங்களிடம் அல் கூஸ் ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருடம் ஃபோர்மேனாக இருந்தவன். ஜெனரேட்டரும் லைட் டவரும் வாடகைக்கு விடுகிற கம்பெனி. நான் பழுது பார்ப்பேன், அவன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய் சைட்டில் இறக்குவான். நாங்குநேரிப் பக்கத்துக்காரன். உங்கள் நண்பர் குழு குளிர்காலம் வந்தால் கூடாரம் அடித்துத் தங்கப் போகும். நாங்கள் இரண்டு பேரும் கூடவே வருவோம். விருந்தாளிகளாக அல்ல. கூடாரம் அடிக்க, கரி மூட்ட, ஜெனரேட்டர் ஓட்ட, மறுநாள் குப்பை பொறுக்க. லீவு நாளில்தான் இந்த டியூட்டி. நாங்கள் ஒருமுறைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

முந்தைய குளிர்காலத்தில் ஒரு ஐஸ் பெட்டியும் இரண்டு மடக்கு நாற்காலியும் காணாமல் போயின. அன்றைக்குக் காற்று அடித்த வேகத்துக்கு நாற்காலி பறந்து ஓமன் எல்லையைத் தாண்டியிருக்கும். ஆனால் நீங்கள் சொன்னீர்கள், "இந்த லேபர் கேம்ப் பசங்க சுத்திட்டு இருக்கானுங்க. பொம்பள புள்ளைங்களோட வர்றோம். கையில ஒண்ணு வேணும்." அந்த லேபர் கேம்ப் பசங்களில் இரண்டு பேர் அப்போது உங்கள் எதிரில் கோழி சுட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை.

அந்த ஏர் கன் எந்த வழியாக வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆயுத பூஜை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். ஒர்க்‌ஷாப் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்பானர் செட், வெல்டிங் மெஷின், டிரில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம். பொரி, சுண்டல், பூசணிக்காய், எல்லாம் அல் குசைஸ் கடையில் வாங்கியது. நீங்கள் காரிலிருந்து துணி சுற்றிய நீளமான ஒன்றை எடுத்துவந்து வெல்டிங் மெஷின் பக்கத்தில் வைத்தீர்கள்.

"இதுக்கும் ஒரு பொட்டு வைடா. நீங்க வச்சிருக்கதெல்லாம் தட்டுமுட்டுச் சாமான். ஆயுதம்னா இதுதான்."

டிரைவர் குளித்துத் திருநீறு பூசி வந்திருந்தான். குழலில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்தான். அதன் மேல் குங்குமம். கட்டையில் ஒரு முழம் பூ சுற்றினான். இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றினான். அவன் ஸ்டீயரிங்கையும் அப்படித்தான் ஒற்றுவான், ஜாக்கியையும் அப்படித்தான் ஒற்றுவான்.

"அப்படியே புடிடா. அசையாத. ஊர் எல்லைச் சாமி மாதிரியே இருக்க" என்று நீங்கள் போட்டோ எடுத்தீர்கள். "இந்த வருஷம் நம்ம கேம்ப்பிங் செக்யூரிட்டி" என்று எழுதிக் குரூப்பில் போட்டீர்கள். எல்லோரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். எங்கள் யாருக்கும் அது துப்பாக்கியாகவே தோன்றவில்லை. ஊர்த் திருவிழாவில் பலூன் சுடுகிற துப்பாக்கி. நாலு பலூன் உடைத்தால் ஒரு சீப்பு கொடுப்பான். இந்த நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்திருந்தால் ஜெயில் என்று டிரைவருக்கும் எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பூஜை முடிந்ததும் அதை உங்கள் காரில் திரும்ப ஏற்றாமல், "பிக்கப் சீட்டுக்குப் பின்னாடி போட்டு வைடா" என்றீர்கள். இது எனக்கு அப்போது புரியவில்லை. பதினோரு வருடம் இங்கே குப்பை கொட்டியவனுக்குப் புரியவில்லை என்றால் நான் எவ்வளவு பெரிய மடையன்.

குளிர் தொடங்கியதும் ஒரு சனிக்கிழமை ராஸ் அல் கைமா போனோம். மலையடிவாரம், சரளைக்கல் தரை, நாலைந்து முள் மரங்கள். அந்தப் பக்கம் கல் குவாரி. மத்தியானத்துக்குள் கூடாரங்களை அடித்து முடித்தோம். துப்பாக்கியை அவன் தோளில் மாட்டிவிட்டு, கூடாரங்களைச் சுற்றிச் சுற்றி நடக்கச் சொன்னீர்கள். குழந்தைகள் அவன் பின்னால் லெஃப்ட் ரைட் போட்டன. "அங்கிள், ஷூட் பண்ணுங்க, ப்ளீஸ்" என்று ஒரு பெண் குழந்தை கெஞ்சியது. "யார சுடணும் தாயி?" என்றான். அது யோசித்துவிட்டு, "எனிபடி" என்றது. பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு உங்களுக்குச் சலிப்புத் தட்டியது. துப்பாக்கியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு, காலி பெப்சி டின்னை அவன் உள்ளங்கையில் வைத்துக் கையை நீட்டச் சொன்னீர்கள்.

"வேண்டாம் மொதலாளி. பட்டுட்டா டூட்டி பாக்க முடியாது."

"நேரா நீட்றா. உனக்கு விசா குடுத்ததே நான்தான். உன் உசுருக்கும் நான்தான் கியாரண்டி."

மூன்று பேர் போன் தூக்கி வீடியோ எடுத்தார்கள். முதல் குண்டு எங்கேயோ போனது. இரண்டாவது அவன் கட்டைவிரலின் அடிச் சதையைக் கிழித்தது. டின் விழவில்லை, அவன் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான். ரத்தம் முழங்கை வரை வழிந்தது. "ஒண்ணுமில்ல மொதலாளி, எறும்பு கடிச்ச மாரிதான் இருக்கு" என்றான். உங்கள் மனைவி டெட்டால் கொண்டுவந்தார். "பாவம், இவனைப் போயி..." என்று சொல்லிக்கொண்டே அவரும் சிரித்தார். நான் கரி விசிறிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

பொழுது சாய்கிற நேரம். உங்கள் கார் ஸ்பீக்கரில் பழைய சினிமாப் பாட்டு சத்தமாக ஓடியது. குவாரிப் பக்கமிருந்து இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும், இன்னொருவன் வாலிபன். குவாரிப் புழுதியில் தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளை. கையில் ஒன்றும் இல்லை. நீங்கள் எழுந்து துப்பாக்கியை டிரைவர் கையில் திணித்து அவனை முன்னால் தள்ளினீர்கள்.

"குறி வைடா."

"மொதலாளி, நம்ம ஆளுக மாரி இருக்காவ."

"நம்ம ஆளுங்க எல்லாம் கூடாரத்துக்குள்ள இருக்காங்க. வைடா குறி."

அவன் தூக்கினான். இரண்டு பேரும் நின்று கையைத் தூக்கினார்கள். பெரியவர் கத்தினார், "சுட்றாதீங்கண்ணா! தமிழ்ப் பாட்டு கேட்டுச்சு. அதான் வந்தோம். வேற ஒண்ணும் இல்லீங்க."

டிரைவர் துப்பாக்கியைத் தாழ்த்தினான். அங்கே முடிந்திருக்கலாம். ஒரு டீ கொடுத்து அனுப்பியிருக்கலாம், டிரம் நிறைய டீ இருந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள்?

"பாட்டு கேட்டா வந்துருவீங்களா? இங்க என்ன பொருட்காட்சியா நடக்குது? ஓடுங்கடா!"

சொல்லிக்கொண்டே டிரைவர் தோளுக்குப் பின்னால் நின்று, அவன் விரல் மேல் உங்கள் விரலை வைத்து அழுத்தினீர்கள். அந்த இரண்டு பேரின் காலடியில் சரளை தெறித்தது. வாலிபன் கால்சட்டையிலேயே மூத்திரம் போய்விட்டான். இருவரும் விழுந்தடித்து ஓடினார்கள். ஒரு ரப்பர் செருப்பு கிடந்தது. உங்கள் நண்பர் ஒருவர் அதைக் குச்சியால் தூக்கி நெருப்பில் போட்டார். ரப்பர் நாற்றம் அடங்கும் முன்பே பிரியாணி பரிமாறச் சொன்னீர்கள். நான் பரிமாறினேன். ஊறுகாய் கொண்டுவரவில்லை என்று என்னைத் திட்டினீர்கள். டிரைவர் சாப்பிடவில்லை. துப்பாக்கியைத் துடைத்து பிக்கப் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

காலையில் போலீஸ் வந்தது. அந்தப் பெரியவர் தங்கள் கேம்ப் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். அவரையே ஜீப்பில் கூட்டி வந்திருந்தார்கள். அவர் டிரைவரைக் காட்டினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. துப்பாக்கிக்குப் பின்னால் அவர் பார்த்தது அந்த முகத்தைத்தான். பிக்கப்பைத் திறந்தார்கள். எடுத்தார்கள். கட்டையின் இடுக்கில் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதிகாரி நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். ரத்தம் என்று நினைத்திருப்பார்.

நீங்கள் உங்கள் அரபியில் பேசினீர்கள். வண்டியில் இருப்பதற்கு டிரைவர்தான் பொறுப்பு என்றீர்கள். அந்த அளவு அரபி எனக்கும் புரியும். பிறகு அவன் போனை வாங்கி, குரூப்பிலிருந்து அதில் இறங்கியிருந்த ஆயுத பூஜைப் போட்டோவைத் தேடி எடுத்து அதிகாரியிடம் நீட்டினீர்கள். வேகமாக ஏதோ விளக்கினீர்கள். அது எனக்குப் புரியவில்லை. அதிகாரி டிரைவரிடம் உடைந்த இந்தியில் கேட்டபோதுதான் புரிந்தது. "உங்கள் மதத்தில் வருடத்துக்கு ஒரு நாள் அவனவன் தன் ஆயுதத்துக்குப் பூஜை செய்வானாமே. உண்மையா?"

டிரைவர் முகம் மலர்ந்தது. போலீஸ்காரர் சாமி விஷயம் கேட்கிறார் என்று நினைத்துவிட்டான். தனக்குத் தெரிந்த இந்தியில் உற்சாகமாகச் சொன்னான்.

"ஹா பாய், ஹர் சால்!"

வருடா வருடம். அவ்வளவுதான், கலாஸ். அவன் கையில் விலங்கு மாட்டினார்கள். நாம் கும்பிடுகிற ஒன்றை எடுத்து அவன் கழுத்தில் சுருக்காகப் போட்டீர்கள். போலீஸ்காரருக்கு ஆயுத பூஜை தெரியாது. முதலாளியின் காருக்கும் டிரைவர்தான் எலுமிச்சம்பழம் வைப்பான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியும். வருடா வருடம் உங்கள் காருக்கு அவன்தான் வைத்தான்.

அதிகாரி சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பன்னிரண்டு குடும்பமும் சரளைக்கல்லை எண்ணிக்கொண்டிருந்தது. என்னிடம் வந்தார். யாருடையது என்றார்.

"அண்ணாச்சி, சொல்லுங்க" என்றான் டிரைவர்.

"மாலூம் நஹி" என்றேன், தெரியாது என்று.

"அண்ணாச்சி, நீங்கதானே பக்கத்துல நின்னீய!"

"மாலூம் நஹி" என்று மறுபடியும் சொன்னேன். என் விசா உங்கள் கையில் இருந்தது. காரணம் அவ்வளவுதான், அதை அழகுபடுத்தி எழுத எனக்கு வராது. அவன் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. ஜீப்பில் ஏறும்போது கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டான்.

ஜீப் போனதும், "யல்லா, கூடாரத்தைப் பிரி" என்றீர்கள். ஒரு ஆள் குறைந்துவிட்டதால் நான் ஒருவனே எல்லாக் கூடாரத்தையும் பிரித்தேன். வீடு போய்ச் சேருவதற்குள் குரூப்பிலிருந்து போட்டோவை அழித்துவிட்டீர்கள். டின் வீடியோக்களும் மறைந்தன. மறுநாள் "நாம் வாழும் நாட்டின் சட்டத்தை மதிப்போம்" என்று ஒரு படம் அனுப்பினீர்கள். அதற்குப் பதினேழு பேர் கும்பிடு போட்டார்கள்.

அவன் மனைவி எனக்குத்தான் போன் செய்கிறாள். உங்களுக்குச் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. "எங்க வீட்ல அருவாமணைய உட்டா வேற ஆயுதமே கெடையாது அண்ணாச்சி. அவ்வொளுக்குத் துப்பாக்கி எதுக்கு? கோழி அறுக்கக்கூட பக்கத்து வீட்டு ஆளத்தான் கூப்புடுவாவ. மொதலாளிட்ட நீங்க கேட்டுச் சொல்லுங்க." மூன்று வாரம் அவளிடம் கேட்டுச் சொல்கிறேன், கேட்டுச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். நாலாவது வாரம் ராஸ் அல் கைமா ஸ்டேஷனுக்குப் போய் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அதே அதிகாரிதான். எழுதிக்கொண்டார். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். விசா என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரை மறக்க மாட்டேன், செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "முதலில் ஒன்று சொன்னாய், இப்போது ஒன்று சொல்கிறாய். உன் ஒருவன் பேச்சு போதாது. அங்கே இருந்த மற்றவர்கள் வரட்டும். உன் முதலாளி வரட்டும்" என்றார்.

பன்னிரண்டு வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை, உள்ளே டிவி ஓடியது. ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். "பசங்க படிப்பு இருக்கு பாருங்க" என்றார்கள். கடைசியாக உங்கள் வீட்டுக்கு வந்தேன், நீங்களே கதவைத் திறந்தீர்கள். "நாய்க்குச் சோறு போட்டா வாலாட்டும்டா. உனக்குப் பதினோரு வருஷம் போட்டேன்" என்றீர்கள். மறுநாள் என்னை வேலையை விட்டு நிறுத்தினீர்கள். இன்னும் சில நாளில் நான் ஊருக்குப் போக வேண்டும். அதனால்தான் இப்போது எழுத முடிகிறது. விசா இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று கேட்டால், சந்தேகம்தான்.

அவனுக்குத் தண்டனை விழுந்துவிட்டது. முடிந்ததும் நாடுகடத்தல், இந்த மண்ணில் திரும்ப அவன் கால் வைக்க முடியாது. அப்பீல் அடுத்த மாதம் வருகிறது. துப்பாக்கிக்குச் சொந்தக்காரன் வந்து ஒப்புக்கொண்டால் மட்டும்தான் வழி உண்டு என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

அதற்கு முன்னால், நான் கிளம்புவதற்கும் முன்னால், உங்கள் சங்கத்துப் பொங்கல் விழா வருகிறது. உங்களுக்குச் சால்வை போடப் போகிறார்களாம். உழைக்கும் தமிழர்களின் காவலர் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு குடும்பமும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். குவாரியிலிருந்தும் பஸ் வைத்து ஆட்களைக் கூட்டி வருவீர்கள், கூட்டம் காட்ட. அவன் மனைவியை நான் போனில் போட்டு மைக் பக்கத்தில் வைக்க ஏற்பாடு செய்துவிட்டேன். தடுத்தால் வாசலில் நின்று வைப்பேன்.

அந்த அதிகாரியிடம் அரபியில் வேகமாகச் சொன்னீர்களே, அவனவன் தன் ஆயுதத்தைத்தான் கும்பிடுவான் என்று. அதை அந்த மேடையில், அவள் கேட்க, தமிழில் சொல்லுங்கள். முடியாது என்றால் அது உங்கள் துப்பாக்கி என்று சொல்லுங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சால்வையைப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள், முதலாளி.