ஒரு மறைப்பு மருந்து

சேரன்மகாதேவிக்கு மேற்கே, மலையடிவார வயல்களில் பன்றிக் காவல் ஐயம்பெருமாளுடையது. அந்த ஊரில் நாட்டுத் துப்பாக்கி அவரிடம் மட்டுமே இருந்தது. வாய்க்கொழுப்பும் அவருக்குத்தான் கொஞ்சம் கூடுதல்.

அந்தத் துப்பாக்கிக்கு மருந்தளவை 'மறைப்பு' என்பார்கள். ஈயக் குண்டை இடது உள்ளங்கையில் வைத்து, அது கண்ணுக்கு மறையும்வரை வெடிமருந்தைக் கொட்ட வேண்டும். பாளையக்காரர் படையிலிருந்த முன்னோர் விட்டுப்போன சொல் அது. தராசாவது, படியாவது! ஐயம்பெருமாளுக்கு அதுவே வேதவாக்கு.

மணியாச்சியில் வெள்ளைக்காரக் கலெக்டரை யாரோ சுட்டுக் கொன்றபிறகு போலீஸ் கெடுபிடி தாங்க முடியவில்லை. வெடியுப்பும் கந்தகமும் எருக்கங்கரியும் சேர்த்து வீட்டில் இடிக்க அவருக்குப் பயம். திருநெல்வேலிக் கடையில் சீமை வெடிமருந்து வாங்கிவந்தார். கண் மங்கிவிட்டதால் சுடுவது மகன் சங்கிலிபூதத்தான். அளப்பது மட்டும் அப்பன் கை.

மருமகள் உலகம்மாள் நிறைசூலி. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"சிந்தினதைக் கூட்டி அடுப்புல போட்டேன் மாமா. பாம்பா சீறுது. பழைய மருந்து இப்படிச் சீறாது. கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க."

"ஏட்டி, நீ கஞ்சிக்கு உப்புப் போடு, போதும். மறைப்புன்னா மறைப்புதான்."

சங்கிலிபூதத்தான் சிரித்தான். "விடுட்டி. அப்பா அளந்தா சரியாத்தான் இருக்கும்."

பொழுது சாயும் நேரம் பன்றி வரப்பேறியது. அவன் விசையை இழுத்தான். குழலே பிளந்து அவன் முகத்தில் அடித்தது. ஐயோ, என்ன பாவம் செய்தான் அந்தப் பிள்ளை! ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் வண்டியிலேயே உயிர் போய்விட்டது.

"எம்புட்டுவே மருந்து போட்டீரு?" என்றார் ஏட்டையா.

"ஒரு மறைப்பு."

"அப்படின்னா?"

ஐயம்பெருமாள் வெறும் கையை விரித்துக் காட்டினார்.

சரி, அந்தச் சொல்லாவது செத்ததா? பக்கத்து ஊர்க்காரர்கள் சீமை மருந்துக்கும் "ஒரு மறைப்பு போடுலே" என்றுதான் சொன்னார்கள். "வேண்டாம்லே, அது பழைய மருந்துக்குள்ள அளவு!" என்று அவர் வயல் வயலாக ஓடினார். கிழவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள், பாவிகள்.

பேரன் பிறந்தான். மகன் முகத்தையே உரித்துவைத்திருந்தது. ஐயம்பெருமாள் வாசற்படியில் நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

உலகம்மாள் பிள்ளையை மாரோடு இறுக்கிக்கொண்டாள்.

"அந்தக் கையில தரமாட்டேன் மாமா."

நீட்டிய கையை எப்படி மடக்குவதென்று அவருக்குத் தெரியவில்லை.