சுவரில் மாட்டிய தாள்

எனக்கு வயது அறுபத்தெட்டு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எவரிடமும் தலைகுனிந்ததில்லை, வாராவாரம் பத்திரிகையில் என் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். ஒரு மாதமாகக் குனிந்தே இருக்கிறேன் – பயத்தில்.

மறைமலை நகர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கடைசி மகன் குமரேசனுக்குத் தகடு கிழித்துக் காலில் சீழ் கட்டிவிட்டது. மருமகள் களையெடுக்கப் போயிருந்தாள். நான்தான் பிள்ளைப்பாக்கத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

பென்சிலின் ஊசி என்றார். முதலில் கையில் துளி மருந்து குத்தி, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அரை மணி நேரம் பார்க்கவேண்டுமாம். சுவரில் மாட்டியிருந்த அச்சடித்த தாளைக் காட்டினார். எந்த வைத்தியத்தை எப்படிச் செய்யவேண்டும் என்று பெரிய டாக்டர்கள் கூடி எழுதிய விதிமுறையாம்.

அரை மணியா? ஷிப்ட் பஸ் என்ன ஆவது?

"போன வருசமும் இதே ஊசிதானே போட்டீங்க தம்பி, ஒண்ணும் ஆவல. பஸ்ஸு பூடும், போட்டு அனுப்புங்க" என்றேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

போட்டார்.

செருப்பை மாட்டப் போனவன்... அப்படியே சாய்ந்தான். உதடு நீலமாகிவிட்டது. டாக்டர் வேறு ஊசி போட்டு, நெஞ்சை அழுத்தி உயிரை மீட்டார். பேச்சுதான் வரவில்லை. "அம்மா" என்று சொல்லவே பாடுபடுகிறான்.

மருமகள் வக்கீலைப் பிடித்தாள். "விதிய சுவத்துல மாட்டி வச்சிக்கினே மீறியிருக்காரு. வேற சாட்சி இன்னாத்துக்கு?" என்றாராம் அவர்.

அந்தத் தாள் என்ன, சட்டமா? டாக்டரிடமே போய்க் கேட்டேன்.

"சட்டம் இல்ல பெரியம்மா. ஆனா ஏன் மீறினேன்னு கோர்ட்ல கேப்பாங்க." என் பக்கம் திரும்பினார். "நான் என்ன சொல்லட்டும்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

நான் அவசரப்படுத்தினேன் என்றால் அவர் தப்பிப்பாரா? வீட்டார் ஆயிரம் சொல்வார்கள், டாக்டர் ஏன் அதற்கு இணங்கினார் என்பார் வக்கீல். அதுவும் நியாயம்தான். சொல்லாவிட்டால்?

மருமகள் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே டாக்டரைச் சபிக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். டாக்டரை விட்டால், அன்று நடந்ததை அவளிடம் சொல்லக்கூடியவன் குமரேசன் ஒருவன்தான். அவனுக்குப் பேச்சுத் தெளிந்துவிட்டால்... பெற்றவளுக்கு வரக்கூடிய பயமா இது?

வெள்ளிக்கிழமை செங்கல்பட்டில் விசாரணை.

எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் என் பேத்தி, குமரேசனின் மகள், படித்துக் காட்டுவது வழக்கம். செல்வி, இத ஒருதபா படிம்மா. உங்கம்மா உள்ள கீறா – அவ காதுல வுழற மாதிரி படி.